எண்ணப்படாத நான்காம் ஆண்டு

வெஸ்ட் வின்ட்சரில் ஓல்ட் ட்ரென்டன் சாலையில் இருக்கிற மெர்சர் கவுன்டி கம்யூனிட்டி கல்லூரியை நம்மவர்களில் பலர் கெல்சி தியேட்டர் என்ற நாடக அரங்கின் வழியாகத்தான் அறிவார்கள். கெல்சி யார் என்று தேடிப் போனால் பக்கத்து நகரமான ட்ரென்டனுக்குப் போய்ச் சேருவோம். நியூ ஜெர்சி மாநிலச் செயலாளராக இருந்த ஹென்றி கெல்சி, மறைந்த தம் மனைவி ப்ரூடன்ஸின் நினைவாக ஸ்டேட் தெருவில் ஒரு கட்டடம் எழுப்பினார். 1911ஆம் ஆண்டுக் கட்டடம் அது. நியூயார்க்கின் ஊல்வர்த் கட்டடத்தை வடிவமைத்த காஸ் கில்பர்ட்தான் இதையும் வடிவமைத்தார். பகலில் பீங்கான் ஆலையிலும் கம்பி ஆலையிலும் உழைத்தவர்கள் இரவில் வந்து படிப்பதற்கு இடம் தந்த தொழிற்கலைப் பள்ளிக்காக அது கட்டப்பட்டது.

அந்தப் பள்ளியும் ட்ரென்டன் ஜூனியர் கல்லூரியும்தான் 1966இல் மெர்சர் கல்லூரியாக உருமாறி, 1970களின் தொடக்கத்தில் வெஸ்ட் வின்ட்சரின் வயல்வெளிக்கு இடம்பெயர்ந்தன. காலியான கெல்சி கட்டடத்துக்குப் பின்னாளில் தாமஸ் எடிசன் ஸ்டேட் கல்லூரி வந்தது. இன்று அது பல்கலைக்கழகம். பள்ளியில் சில மாதங்களே படித்த எடிசனின் பெயரைத் தாங்கிய இந்த நிறுவனம் 1972இல் தொடங்கப்பட்டது. வேலை பார்க்கும் பெரியவர்கள் வகுப்புக்கு வராமலே பட்டம் பெறுவதே இதன் நோக்கம். வகுப்பறைக்கு வர முடியாதவர்களுக்கு எப்படிப் பட்டம் கொடுப்பது என்ற ஒரே கேள்விக்கு இரவுப் பள்ளி, கம்யூனிட்டி கல்லூரி, வளாகமில்லாக் கல்லூரி என்ற மூன்று விடைகளும் இந்தப் பத்து மைல் சுற்றளவில் கிடைத்திருக்கின்றன.

இதே கேள்விக்கு நம் ஊரும் விடை தேடியது. இன்று இணையத்தில் பொதுப் பாடங்கள் படித்து இளநிலைப் பட்டத்தை முடிக்க நினைக்கும் தமிழர்களின், குறிப்பாகப் பெண்களின் கதை, இந்த இரண்டு விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போன இடத்தில் தொடங்குகிறது.

லண்டன் பல்கலைக்கழகம் 1858இல் ஒரு புதிய சாசனம் பெற்றது. எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று கேளாமல், தேர்வில் தேறினால் பட்டம் என்ற வழியை அது திறந்தது. 1865இல் மொரீஷியஸில் அந்தத் தேர்வு நடந்தது. பிற்காலத்தில் இலங்கையிலும் அதுவே வழியானது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி தானாகப் பட்டம் தரவில்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை லண்டனின் வெளிவாரிப் பட்டத் தேர்வுகளுக்கே மாணவர்களைத் தயார் செய்தது.

1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகமும் லண்டனைப் பார்த்து அமைக்கப்பட்டதே. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை, தேர்வு வைத்துப் பட்டம் தருவது பல்கலைக்கழகத்தின் வேலை. அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவர், பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்த யாழ்ப்பாணத்து சி. வை. தாமோதரம்பிள்ளை. ஆக, படிப்பு ஓரிடத்திலும் பட்டம் வேறிடத்திலும் இருப்பது நமக்குப் புதிதே அல்ல.

அடுத்த அலை 1970களில் வந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியிருந்தது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்கு 1971 ஜனவரியில் பாடம் தொடங்கியது. அதே 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வி வந்தது. அதற்கு மறு ஆண்டு ட்ரென்டனில் எடிசன் கல்லூரி. மதுரையைத் தொடர்ந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அந்த வழியைத் திறந்தன. பேச்சுவழக்கில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: கரஸ். "காலேஜா, கரஸா?" என்ற கேள்வியில் இருக்கிற இளக்காரம் கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

கரஸில் படித்தவர்கள் யார்? கல்யாணமாகிப் படிப்பு நின்ற பெண்கள், பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்பட்ட எழுத்தர்கள், இடைநிலை ஆசிரியர்கள், கடைப் பையன்கள். பழுப்பு உறையில் பாடப் புத்தகம் வரும். விடுமுறையில் ஏதாவது ஒரு கல்லூரியில் சில நாள் நேர்முக வகுப்பு நடக்கும். ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு. இடையில் ஆசிரியரோடு பேச்சு ஏறக்குறைய கிடையாது.

ட்ரென்டன் வழி சற்று வேறு. எடிசன் கல்லூரி பிற கல்லூரிகளில் எடுத்த கிரெடிட்டுகளைச் சேர்த்துக்கொண்டது. தெரிந்த பாடத்துக்குத் தேர்வெழுதி கிரெடிட் பெறவும் இடம் கொடுத்தது. அப்படிப்பட்ட தேர்வுகளில் பெயர் பெற்றது காலேஜ் போர்டு 1967இல் கொண்டுவந்த கிளெப். ஜி.ஆர்.இ.யும் டோஃபெலும் எழுதிய நம் தலைமுறைக்கு நெஞ்சில் பதிந்த பிரின்ஸ்டன் முகவரிக்குரிய இ.டி.எஸ். நிறுவனம் லாரன்ஸ் டவுன்ஷிப்பில், நமக்கு அடுத்த ஊரில்தான் இருக்கிறது.

இனி பொதுப் பாடங்களுக்கு வருவோம். அமெரிக்க இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டு, 120 கிரெடிட். அதில் பெரும் பங்கு கட்டுரை எழுதுதல், கணிதம், அறிவியல், வரலாறு, கலை, சமூகவியல் என்று எல்லாருக்கும் பொதுவானது. நியூ ஜெர்சியின் கம்யூனிட்டி கல்லூரிகளில் இரண்டாண்டு கலைப் பட்டத்தின் 60 கிரெடிட்டில் 45 இந்தப் பொதுக் கல்வியே. குடிமகன் எவனும் தன் தொழிலை மட்டும் அறிந்தவனாக இருக்கக் கூடாது என்ற எண்ணம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ட்ரூமன் அமைத்த குழுவின் 1947ஆம் ஆண்டு அறிக்கையில் அழுத்தம் பெற்றது. கம்யூனிட்டி கல்லூரி என்ற பெயரைப் பரப்பியதும் அந்த அறிக்கைதான்.

இந்தியாவிலும் அதே யோசனை எழுந்தது. 1948-49இல் பணியாற்றிய ராதாகிருஷ்ணன் ஆணையம் கல்லூரியில் பொதுக் கல்வி வேண்டும் என்றும், இளநிலைப் பட்டம் மூன்றாண்டு ஆக வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஆணையத்தில் ஆர்தர் மார்கன், ஜான் டைகர்ட் என்ற இரு அமெரிக்கர்களும் இருந்தார்கள். மூன்றாண்டுப் பட்டம் வந்தது. பொதுக் கல்வி வேரூன்றவில்லை. தமிழும் ஆங்கிலமும் பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று நின்றன. மற்றவை பள்ளியோடு முடிந்தன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய இன்டர்மீடியட் காலத்தில் பதினொன்று, இரண்டு, இரண்டு. பி.யு.சி. காலத்தில் பதினொன்று, ஒன்று, மூன்று. 1978இல் மேல்நிலைப் பள்ளி வந்த பிறகு பத்து, இரண்டு, மூன்று. எப்படிக் கூட்டினாலும் பதினைந்து. அமெரிக்காவில் பன்னிரண்டும் நான்கும் பதினாறு. அந்த ஓராண்டின் பெயர்தான் பொதுப் பாடம்.

1977இல் ஷா என்பவரின் வழக்கில் அமெரிக்கக் குடியேற்றத் துறை இதைத் தீர்ப்பாகவே எழுதியது: இந்திய மூன்றாண்டு பி.எஸ்ஸி., அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு இணையாகாது. கிரீன் கார்டு விண்ணப்பங்களில் இன்றும் அது மேற்கோள் காட்டப்படுகிறது. எச்-1பி விசாவுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: குறைகிற ஒவ்வொரு கல்லூரி ஆண்டுக்கும் மூன்று ஆண்டு வேலை அனுபவம் ஈடாகும். வேலைக்கே போகாத மனைவிக்கு இந்தச் சலுகையால் என்ன பயன்? எச்-4 விசாவில் வந்தவர் படிக்கலாம், வேலை பார்க்க முடியாது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்ததே 2015 மே மாதத்தில்தான்.

நான் கரஸில் பி.ஏ. வரலாறு படித்தவள். இங்கே என் சான்றிதழ்களை மதிப்பிட்ட நிறுவனத்தின் கடிதம் 'மூன்றாண்டு இளநிலைப் படிப்பு' என்று ஒரு வரியில் முடிந்தது. மிச்சத்தை மெர்சர் கல்லூரியின் இணைய வகுப்புகளில் தொடங்கினேன். புள்ளியியல், அமெரிக்க வரலாறு, ஆங்கிலக் கட்டுரை. பிள்ளைகள் தூங்கிய பிறகு பாடம். ஞாயிறு நள்ளிரவுக்குள் விவாதப் பக்கத்தில் எழுத வேண்டும், இருவருக்காவது மறுமொழி தர வேண்டும். முதல் கட்டுரையில் மேற்கோளுக்கும் என் கருத்துக்கும் இடையில் கோடு எங்கே என்று ஆசிரியர் ஓரத்தில் கேட்டிருந்தார். கரஸ் படித்த மூன்று ஆண்டில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

அந்த ஓரக்குறிப்பின் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அஞ்சல்வழிக் கல்வியில் மோசடிகள் பெருகியதால் அமெரிக்க நாடாளுமன்றம் 1992இல் ஒரு விதி கொண்டுவந்தது: பாதிப் பாடங்களுக்கு மேல் அஞ்சல்வழியில் நடத்தும் கல்லூரியின் மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவி இல்லை. 2006இல் இணையவழிப் பாடங்களுக்கு அந்தத் தடை நீங்கியது. ஆனால் ஒரு நிபந்தனை: ஆசிரியர் மாணவரோடு முறையாகவும் பாடத்தையொட்டியும் உரையாட வேண்டும். அது இல்லையேல் திரையில் நடந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது அஞ்சல்வழிதான்.

இந்தியாவில் சந்தேகம் வேறு திசையில் போனது. அடிப்படைப் பட்டமே இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்நிலைப் படிப்பைத் தாண்டி வந்த திறந்தநிலைப் பட்டங்கள் அரசு வேலைக்கு உதவாது என்று தமிழக அரசும் அதே ஆண்டில் ஆணையிட்டது. எந்தப் படியைத் தாண்டினாய் என்பதுதான் அங்கே கேள்வி. யார் சொல்லிக்கொடுத்தார்கள், உன் விடையைப் படித்தது யார் என்பது பின்னுக்குப் போயிற்று.

இப்போது காற்று மாறியிருக்கிறது. 2020இல் சென்னை ஐ.ஐ.டி. இணையவழி இளநிலைப் படிப்பைத் தொடங்கியது. அதே ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டுப் பட்டத்துக்கு வழி வைத்தது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்கு இணை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. இனி வரும் பிள்ளைகளுக்கு நான்காம் ஆண்டு ஒரு சிக்கலாக இல்லாமல் போகலாம்.

ஆனால் 1970களிலிருந்து பழுப்பு உறையில் படித்து வந்த தலைமுறைக்கு அந்த அறிவிப்புகள் பின்தேதியிட்டு உதவப் போவதில்லை. அவர்களில் பலர் இந்த ஊரில் இருக்கிறார்கள். கடையில், நூலகத்தில், தமிழ்ப் பள்ளியில் சம்பளமில்லா ஆசிரியையாக. நம் பட்டத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று அமெரிக்காவை மட்டும் நொந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. கரஸ் நமக்குப் பட்டத்தைக் கொடுத்தது, அது பெரிய காரியம். உரையாடலை அது கொடுக்கவில்லை. எண்ணப்படாமல் போன ஓராண்டு நியாயமற்ற கணக்குதான். ஆனாலும் அந்த ஆண்டை இணையத்தில் படித்தபோது எனக்குக் கிடைத்தது கிரெடிட் மட்டுமல்ல, நான் எழுதியதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கேட்கும் ஓர் ஆசிரியரும்தான்.

இந்த வழியில் இறங்க நினைப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்று. ஊரில் பரணில் கிடக்கும் மதிப்பெண் பட்டியலோடு பழைய பாடத்திட்டப் புத்தகத்தையும் எடுத்து வையுங்கள். பாடத்துக்குப் பாடம் கிரெடிட் கேட்கும்போது என்ன படித்தோம் என்பதற்கு வேறு சாட்சி இருக்காது. அஞ்சல்வழிக் கல்வியின் வரலாற்றை என்றாவது யாராவது எழுத உட்கார்ந்தால் அவர்களுக்கும் அதுதான் ஆவணம்.