வேற்றுருவும் மனசாட்சியும்

கற்பனை இனங்களுக்கு மனித உருவைக் கொடுப்பதா, விநோத உருவைக் கொடுப்பதா என்பது வெறும் சித்திரப் பிரச்னை அல்ல. யாரைக் கொன்றால் வாசகனுக்கு உறுத்தாது என்பதையும் அது தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன்.

1898ல் எச். ஜி. வெல்ஸ் தம் செவ்வாய்க்கிரகவாசிகளுக்குப் பெருந்தலையும், வாயைச் சுற்றிப் பதினாறு சாட்டைக் கைகளும் கொடுத்தார். உடம்பு முற்றிலும் அந்நியம். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே, டாஸ்மேனியப் பழங்குடிகள்மீது ஐரோப்பியர் நடத்திய அழிவுப்போரை நினைவூட்டிவிடுகிறார். மனிதச் சாயல் அம்மக்களைக் காக்கவில்லை. இந்த ஜந்துக்களே ஒருகாலத்தில் நம்மைப் போன்றிருந்திருக்கலாம் என்ற ஊகமும் நாவலில் வருகிறது. விநோத உருவுக்குள் ஒளிந்திருப்பது சாம்ராஜ்யத்தின் முகம்.

டோல்கீனின் மோதிர நாவலில் (1954–55) வரும் ஓர்க் இனம் இதற்கு நேர்மாறு. இரண்டு கால், பேச்சு, சச்சரவு, எஜமான பயம் எல்லாம் நம்முடையவை. கூட்டம் கூட்டமாக வெட்டுண்டு சாகின்றன. இவை எங்கிருந்து வந்தன, இவற்றுக்கு ஆன்மா உண்டா என்ற கேள்வி பிற்காலத்தில் டோல்கீனையே அலைக்கழித்தது. பல விடைகளை எழுதிப்பார்த்தார், எதுவும் நிலைக்கவில்லை. 1973ல் அவர் இறந்தார். அக்குறிப்புகள் 1993ல்தான் அச்சேறின.

அந்த அமைதியின்மையை நான் மதிக்கிறேன். ஓர் இனத்துக்குப் பேச்சைக் கொடுத்துவிட்ட பிறகு, அதை வெறும் வெட்டுப்பொருளாக வைத்திருப்பது எழுத்தாளனுக்குச் சாத்தியமில்லை. எத்தனை கைகள் வரைந்தோம் என்பது அதற்கப்புறம்தான்.