பூதம் காத்த குகையும் புண்ணியர் குடைந்த கோயிலும்

மதுரையம்பதியில் ஆற்றுக்கும் பூதக் கதை உண்டு. குன்றுக்கும் பூதக் கதை உண்டு. அங்கயற்கண்ணி திருமணத்தில் சமைத்த சோறு முழுவதும் உண்டும் பசி தீராத குண்டோதரன் என்னும் பூதத்திற்கு இறைவன் அன்னக்குழியும் ஆற்றுநீரும் அருளியதைத் திருவிளையாடற் புராணம் கூறும். 'கை வை' என்று இறைவன் பணித்தமையால் வைகை எனப் பெயர் வந்தது என்பது மக்கள் வழக்கு.

நகரின் தென்மேற்கே திருப்பரங்குன்றத்தில் வழங்கும் கதையோ அச்சம் மிக்கது. பொய்கைக் கரையில் நக்கீரர் பூசை செய்கையில் மரத்து இலையொன்று உதிர்ந்தது. நீரிற் பட்ட பாதி மீனாகவும், நிலத்திற் பட்ட பாதி பறவையாகவும் மாறி ஒன்றையொன்று இழுத்தன. அதைக் கண்டு புலவர் சிந்தை சிதறினார். அத்தருணம் பார்த்திருந்த பூதம் அவரைப் பற்றி, முன்னரே 999 பேரை அடைத்திருந்த குகையில் இட்டது. ஆயிரவரும் நிறைந்தபின் உண்பது அதன் எண்ணம். நக்கீரர் திருமுருகாற்றுப்படை பாட, முருகவேள் குகையைப் பிளந்து அனைவரையும் மீட்டான் என்பர்.

உச்சிப்பொழுதில் நீர்த்துறைக்குத் தனியே செல்லாதே என்று பாட்டிமார் இன்றும் பேரப்பிள்ளைகளை எச்சரிப்பர். ஆழ்ந்த நீரும் இருண்ட முழைஞ்சும் அச்சம் தருவன அல்லவா? அவ்வச்சத்தை நம் முன்னோர் என் செய்தனர்? அக்குன்றின் கல்வெட்டே விடை பகர்கிறது. கி.பி. 773-இல், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் ஆட்சியில், சாத்தன் கணபதி என்பார் திருக்கோயிலையும் தடாகத்தையும் திருத்துவித்தார். அவர்தம் மனைவியார் நக்கங்கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுப்பித்தார்.

சேட்டை யார்? மூத்ததேவி, தவ்வை என்று பண்டையோர் போற்றிய தெய்வம். பிற்காலத்தார் அப்பெயரை 'மூதேவி' என வசைமொழியாக்கினர். பிறர் அஞ்சி விலக்கிய அன்னைக்கும் அம்மலையில் இடமளித்தது ஒரு பெண்மணியின் கொடை.

பசித்த பூதத்திற்குச் சோறும் நீரும் அளித்தான் இறைவன்; அஞ்சிய புலவர்க்குப் பாட்டே துணையாயிற்று; அச்சுறுத்தும் பாறையில் விளக்கேற்றினர் புண்ணியர். பூதம் காத்த குகை என்று கதை சொல்லும் மலையிலேயே ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு மேலாக வழிபாடு நிகழ்கின்றது. திருப்பணிக்கு ஈந்த ஒவ்வொரு காசும் அவ்விளக்கிற்கு வார்த்த நெய்யே ஆகும். குடமுழுக்கு முடிந்தபின்னும் அன்பர்கள் அதனை அணையாது காப்பார்களாக.