கோலப்பொடியில் ஒரு சரித்திரம்

அம்பத்தூர், ஆவடி சரித்திரம்னு பேச ஆரம்பிச்சா நாங்க எல்லாரும் சொல்றது மூணு விஷயம்தான். 1949ல் வந்த டிஐ சைக்கிள் கம்பெனி, 1955ல் நடந்த ஆவடி காங்கிரஸ் மாநாடு, 1965ல் முதல் விஜயந்தா டாங்கை வெளியே விட்ட ஆவடி டாங்க் ஃபேக்டரி. கம்பெனி, கட்சி, டாங்க் எல்லாத்துக்கும் தேதி இருக்கு. பிழைப்பு தேடி இங்கே வந்தவங்களோட பிள்ளைகளுக்கு?

பூந்தமல்லி தாண்டி திருவள்ளூர் பக்கம் போனா செங்கல் சூளைகள். பொங்கலை ஒட்டி ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமா வருவாங்க. ஊரிலேயே முன்பணம் வாங்கியாச்சு, இனி ஜூன் வாக்கில்தான் திரும்பணும். அந்த முன்பணம் தனி ஆளுக்கு இல்லைங்க. 'பதுரியா'ன்னு ஒரு கூட்டுக்கு. ஒரு ஆண், ஒரு பெண், ஒரு பிள்ளை. கவனிச்சீங்களா? பிள்ளை கணக்கில் இருக்கு, பெயர் மட்டும் இல்லை.

இந்தச் சூளைப் பிள்ளைகளுக்கு அனைவருக்கும் கல்வி இயக்கம் மூலமா ஒடியா புத்தகத்தோடு, ஒடியாவிலேயே பாடம் நடந்திருக்கு. நல்ல காரியம். ஆனா பாடம் படிக்கிறது வேற, தன் கதையைத் தானே சொல்றது வேற.

அதுக்கு ஒரு வழி பக்கத்து கர்நாடகாவில் முன்னாடியே இருந்தது. 1980களின் கடைசியில் மைராடா அமைப்பு கிராமத்து ஜனங்க கையில் கோலப்பொடியைக் கொடுத்து, அவங்க ஊரைத் தரையில் அவங்களையே வரையச் சொன்னது. பி.ஆர்.ஏ.ன்னு பேர். ராபர்ட் சேம்பர்ஸ் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். எழுதப் படிக்கத் தெரியணும்னு அவசியமில்லை. கோலம் போடத் தெரிஞ்சா போதும்.

1990ல் அங்கே 'பீமா சங்கா' வந்தது. வேலைக்குப் போற பிள்ளைகளே சேர்ந்து நடத்திய சங்கம். தங்களைப் பத்தின தகவலைத் தாங்களே திரட்டினாங்க. ஊரை விட்டு ஏன் வந்தோம், என்ன வேலை, என்ன மாறணும்னு அவங்களே கேட்டு, அவங்களே பதில் தேடினாங்க. 1995லிருந்து குந்தாப்பூர் பக்கம் மக்கள பஞ்சாயத்துகள். ஓடையைத் தாண்ட முடியலைன்னு பிள்ளைங்க சொன்னதுக்கு அப்புறம் நடைபாலம் வந்ததும் உண்டு.

சூளைப் பிள்ளை ஒண்ணு அதே கோலப்பொடியில் தன் வருஷத்தை வரைஞ்சா எப்படி இருக்கும்? ஊர், ரயில், சூளை. ராத்திரி எத்தனை மணிக்கு எழுப்புறாங்க, பச்சைக்கல்லை யார் திருப்பிப் போடுறாங்க, விட்டுவந்த வகுப்பு எது. எந்த அதிகாரியோட படிவத்திலும் இதெல்லாம் வராது.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கு. அந்தப் படம் முதலாளி கண்ணில் பட்டா அடி அப்பா அம்மாவுக்குத்தான். அதனால எதைக் காட்டணும், எதை அழிக்கணும்னு தீர்மானிக்கிற உரிமையும் வரைஞ்ச பிள்ளைக்கே இருக்கணும். அது இல்லேன்னா இதுவும் இன்னொரு கணக்கெடுப்புதான்.

ஆவடி மாநாடு 'சோஷலிச பாணி சமுதாயம்'னு தீர்மானம் போட்ட இடம். பக்கத்துச் சூளைப் பிள்ளை போடுற படமும் நம்ம ஊர்ச் சரித்திரம்தான். உங்க ஊரில் பிள்ளைகளே தங்கள் கதையைப் பதிவு செஞ்ச சங்கதி ஏதும் இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க.