பெத்னல் கிரீன் சுரங்கத் தொடருந்து நிலையம்

பெத்னல் கிரீன் சுரங்கத் தொடருந்து நிலையம், இங்கிலாந்தின் தலைநகரான இலண்டனின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு நிலத்தடி நிலையம் ஆகும். இது இலண்டன் சுரங்கத் தொடருந்து வலையமைப்பின் சென்ட்ரல் வழித்தடத்தில், லிவர்பூல் தெரு நிலையத்திற்கும் மைல் எண்ட் நிலையத்திற்கும் இடையில் அமைந்துள்ளது. பயணிகள் போக்குவரத்துக்காக 1946 டிசம்பர் 4 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போரின்போது வான்தாக்குதல் புகலிடமாக இது பயன்பட்டது. 1943 மார்ச் 3 அன்று இரவு இதன் நுழைவாயிற் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 173 பேர் உயிரிழந்தனர். குண்டு எதுவும் விழாமலேயே நேர்ந்த இவ்விபத்து, இலண்டன் சுரங்கத் தொடருந்து வலையமைப்பின் வரலாற்றில் ஒரே நிகழ்வில் ஏற்பட்ட மிகப் பெரிய உயிரிழப்பாகும்.

இதே பெயரில் தரைக்கு மேல் செல்லும் தொடருந்துப் பாதையிலும் ஒரு நிலையம் உண்டு. அது 1872-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது; இக்கட்டுரையில் கூறப்படும் நிலையத்திலிருந்து வேறானது.

அமைவிடம்

கேம்பிரிட்ஜ் ஹீத் சாலை, பெத்னல் கிரீன் சாலை, ரோமன் சாலை ஆகியன கூடும் சந்திப்பின் அடியில் இந்நிலையம் உள்ளது. சந்திப்பின் ஒரு மூலையில் பெத்னல் கிரீன் பூங்காவும், எதிரே கட்டடக்கலைஞர் ஜான் சோன் வடிவமைத்த புனித யோவான் தேவாலயமும் உள்ளன. இப்பகுதி தற்போது டவர் ஹேம்லட்ஸ் நகராட்சிக்கு உட்பட்டது. விபத்து நடந்த காலத்தில் பெத்னல் கிரீன் தனி நகராட்சியாக இருந்தது. 1965-ஆம் ஆண்டின் நிருவாகச் சீரமைப்பில் அண்டைப் பகுதிகளுடன் இணைக்கப்பட்டது.

கட்டுமானம்

சென்ட்ரல் வழித்தடம் 1912 முதல் லிவர்பூல் தெருவில் முடிவடைந்தது. அதனைக் கிழக்கு நோக்கி நீட்டிக்கும் பணி, 1935-1940 காலப்பகுதிக்கான புதிய பணிகள் திட்டத்தின் கீழ் மேற்கொள்ளப்பட்டது. பெத்னல் கிரீன் நிலையத்தின் கட்டுமானம் 1936-இல் தொடங்கியது. 1939-இல் போர் மூண்டபோது சுரங்கங்கள் பெருமளவு தோண்டப்பட்டிருந்தன. ஆயினும் நிலையம் முற்றுப்பெறவில்லை. 1940-இல் பணிகள் நிறுத்தப்பட்டன. இவ்வாறு வண்டி ஓடாத, ஆனால் ஆழமும் உறுதியும் கொண்ட ஒரு சுரங்கம் கிழக்கு இலண்டன் மக்களுக்குக் கிடைத்தது.

போர்க்காலப் புகலிடம்

1940 செப்டம்பர் 7 முதல் செருமானிய வான்படை இலண்டன் மீது தொடர்ச்சியாகக் குண்டுவீசியது. துறைமுகங்களை அடுத்திருந்த கிழக்கு இலண்டன் கடும் சேதத்திற்கு உள்ளானது. 1940 அக்டோபரில் இந்நிலையம் புகலிடமாகத் திறக்கப்பட்டது. சுமார் 5,000 பேருக்கான அடுக்குப் படுக்கைகள் இங்கு அமைக்கப்பட்டன. கடும் தாக்குதல் நிகழ்ந்த இரவுகளில் ஏறத்தாழ 7,000 பேர் வரை தங்கியதுண்டு.

காலப்போக்கில் இச்சுரங்கம் ஒரு சிற்றூர் போல ஆனது. நகராட்சியின் மைய நூலகம் குண்டுவீச்சில் சேதமடைந்ததால், சுரங்கத்தினுள்ளேயே சுமார் 4,000 நூல்களுடன் ஒரு கிளை நூலகம் அமைக்கப்பட்டது. குழந்தைகள் காப்பகம், மருத்துவ அறை, நாடக அரங்கு, சிற்றுண்டிச்சாலை ஆகியனவும் இயங்கின. 1941-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வான்தாக்குதல்கள் குறைந்த பின் புகலிடத்திற்கு வருவோர் தொகையும் குறைந்தது. எனினும் சங்கு ஒலித்தால் இங்கு ஓடிவரும் வழக்கம் தொடர்ந்தது.

நுழைவாயிற் படிக்கட்டு

புகலிடத்திற்குப் பல்லாயிரம் பேர் வந்துபோனபோதிலும், அவர்கள் பயன்படுத்தக்கூடிய நுழைவாயில் ஒன்றே ஒன்றாகும். அது பூங்காவின் மூலையில் இருந்தது. தெருமட்டத்திலிருந்து 19 படிகள் இறங்கினால் ஒரு சிறிய சமதளம் வரும். அங்கு திரும்பி மேலும் 7 படிகள் இறங்கினால் பயணச்சீட்டு மண்டபத்தை அடையலாம். அங்கிருந்து நகரும் படிக்கட்டுக்கென அமைக்கப்பட்ட சரிவின் வழியே சுரங்கத்திற்குச் செல்ல வேண்டும்.

முதற் படிவரிசை சுமார் 10 அடி (3 மீட்டர்) அகலம் கொண்டது. இதன் நடுவில் கைப்பிடிக் கம்பி இல்லை. படிகளின் விளிம்புகளுக்கு வெள்ளை வண்ணம் பூசப்படவில்லை. இருட்டடிப்பு விதிகளின் காரணமாக மங்கலான ஒரு மின்விளக்கு மட்டுமே எரிந்தது. தெருவிலிருந்து வரும் கூட்டத்தை மட்டுப்படுத்தும் தடுப்புகளும் இல்லை.

நுழைவாயிலின் பலவீனம் முன்னரே அறியப்பட்டிருந்தது. வாயிலில் இருந்த மரத்தடுப்பு கூட்டத்தின் அழுத்தத்தைத் தாங்காது என்று கருதிய நகராட்சி, அதனை மாற்றி அமைக்க 1941-இல் இலண்டன் குடிமக்கள் பாதுகாப்பு வட்டார அதிகாரிகளிடம் அனுமதி கோரியது. செலவைக் காரணம் காட்டி அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை.

1943 மார்ச் 3 விபத்து

1943 மார்ச் 1 அன்று இரவு பிரித்தானிய வான்படை பெர்லின் நகர் மீது பெரும் குண்டுவீச்சை நடத்தியது. அதற்குப் பதிலடி வரும் என்று இலண்டன் மக்கள் எதிர்பார்த்திருந்தனர். மார்ச் 3 அன்று மாலை மழை பெய்து படிகள் ஈரமாக இருந்தன. இரவு 8:17 மணிக்குச் சங்கு ஒலித்தது. அடுத்த பத்து நிமிடங்களில் சுமார் 1,500 பேர் ஒழுங்காகவே உள்ளே சென்றனர்.

8:27 மணியளவில், அருகிலுள்ள விக்டோரியா பூங்காவில் நிறுவப்பட்டிருந்த வானூர்தி எதிர்ப்பு ஏவுகணைகள் சுடப்பட்டன. அவற்றின் ஓசை அப்பகுதி மக்களுக்குப் பழக்கமில்லாதது. அது குண்டு விழும் ஓசை என்று எண்ணிய மக்கள் வாயிலை நோக்கி விரைந்தனர். அவ்வேளையில், முதற் படிவரிசையின் அடிப்பகுதியில் ஒரு பெண் தடுக்கி விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவர்மீது விழுந்தனர். மேலே இருந்தவர்களுக்குக் கீழே நடப்பது தெரியாததால் அவர்கள் தொடர்ந்து இறங்கினர். சில நொடிகளில் சுமார் 300 பேர் அப்படிக்கட்டில் ஒருவர்மேல் ஒருவராகச் சிக்கிக்கொண்டனர்.

கீழிருந்தும் மேலிருந்தும் எவரையும் இழுத்து எடுப்பது கடினமாக இருந்தது. மீட்புப்பணி நள்ளிரவை நெருங்கும் வரை நீடித்தது. இறந்த 173 பேரில் 27 பேர் ஆண்கள், 84 பேர் பெண்கள், 62 பேர் குழந்தைகள். பெரும்பாலோர் மூச்சுத்திணறலால் இறந்தனர். மேலும் 60-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சுரங்கத்தின் உட்புறத்தில் இருந்த பலர் இதனை அறியாமலேயே இருந்தனர். அன்றிரவு பெத்னல் கிரீனில் ஒரு குண்டுகூட விழவில்லை.

விசாரணையும் மறைப்பும்

விபத்துச் செய்தி வெளியானபோது, போர்க்காலத் தணிக்கையின் காரணமாக இடத்தின் பெயர் குறிப்பிடப்படவில்லை. உள்துறைச் செயலர் எர்பர்ட் மோரிசன், நீதிபதி லாரன்சு டன் என்பவரை விசாரணைக்கு நியமித்தார். விசாரணை மூடிய அறையில் நடைபெற்றது. கூட்டத்தினர் தன்னிலை இழந்ததே முதன்மைக் காரணம் என்று அறிக்கை கூறியது. படிக்கட்டின் குறைபாடுகளையும் அது சுட்டிக்காட்டியது. எதிரிக்குப் பயன்படும் என்ற காரணத்தைக் கூறி அரசு அறிக்கையை வெளியிடாமல் நிறுத்திவைத்தது.

முன்னர் அனுமதி கோரி மறுக்கப்பட்ட செய்தியை நகராட்சி வெளியிட இயலவில்லை. இதனால் மக்களின் சினம் நகராட்சியின் மீதே திரும்பியது. தம் உறவினரை இழந்த ஒரு பெண் தொடுத்த வழக்கில், 1944-இல் நீதிமன்றம் நகராட்சியின் கவனக்குறைவை உறுதிசெய்தது. அதன்பின் பாதிக்கப்பட்ட பிற குடும்பங்களுக்கும் இழப்பீடு வழங்கப்பட்டது. விசாரணை அறிக்கை 1945 சனவரியில் வெளியிடப்பட்டது.

விபத்து நடந்த சில நாட்களிலேயே படிக்கட்டில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்தப்பட்டன. படி விளிம்புகளுக்கு வெள்ளை வண்ணம் பூசப்பட்டது.

நிலையத்தின் தற்போதைய அமைப்பு

போர் முடிந்த பின் பணிகள் நிறைவடைந்து, லிவர்பூல் தெருவிலிருந்து சிட்ராட்போர்டு வரையிலான பாதையுடன் நிலையம் 1946-இல் திறக்கப்பட்டது. நிலையம் மூன்று மட்டங்களில் அமைந்துள்ளது.

* தெருமட்டம்: தரைக்கு மேல் நிலையக் கட்டடம் இல்லை. சந்திப்பின் மூலைகளில் உள்ள படிக்கட்டுகளே நுழைவாயில்கள் ஆகும். பூங்காவின் மூலையில் உள்ள படிக்கட்டே 1943 விபத்து நடந்த இடமாகும்.
* பயணச்சீட்டு மண்டபம்: சாலைச் சந்திப்பின் அடியில் உள்ளது. இங்கிருந்து நகரும் படிக்கட்டுகள் நடைமேடைகளுக்கு இறங்குகின்றன.
* நடைமேடைகள்: இணையாகச் செல்லும் இரு குழாய்ச் சுரங்கங்களில் கிழக்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் செல்லும் வண்டிகளுக்கு ஒவ்வொரு நடைமேடை உண்டு.

நடைமேடைச் சுவர்கள் வெளிர்மஞ்சள் நிற ஓடுகளால் ஆனவை. அவற்றிடையே ஆரால்டு சிடேபிளர் வடிவமைத்த புடைப்பு ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. நாடாளுமன்றக் கட்டடம் போன்ற இலண்டன் அடையாளங்களும், சுற்றியுள்ள மாவட்டங்களின் சின்னங்களும் இவற்றில் இடம்பெறுகின்றன. இதே வரிசை ஓடுகளை ஆல்ட்கேட் கிழக்கு நிலையத்திலும் காணலாம்.

நினைவுச்சின்னங்கள்

விபத்து நடந்து ஐம்பது ஆண்டுகள் வரை அவ்விடத்தில் குறிப்பிடத்தக்க அடையாளம் எதுவும் இல்லை. 1993-இல் படிக்கட்டின் மேற்புறத்தில் ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. உயிர்தப்பியோரும் இறந்தோரின் உறவினரும் இணைந்து 2007-இல் ஓர் அறக்கட்டளையை உருவாக்கி நிதி திரட்டினர். இதன் பயனாக 'விண்ணகப் படிக்கட்டு' எனப் பொருள்படும் பெயர்கொண்ட நினைவுச்சின்னம் பூங்காவின் மூலையில் எழுப்பப்பட்டு, 2017 டிசம்பர் 17 அன்று திறந்துவைக்கப்பட்டது.

இது விபத்து நடந்த படிக்கட்டின் அளவிலேயே தேக்கு மரத்தால் செய்யப்பட்டு, தலைகீழாகத் தொங்குவது போல் அமைந்துள்ளது. இதன் மேற்பகுதியில் உள்ள 173 சிறு துளைகளின் வழியே ஒளி இறங்குகிறது. ஒவ்வொரு துளையும் இறந்த ஒருவரைக் குறிக்கிறது. இறந்தோரின் பெயர்கள் மரத்தில் செதுக்கப்பட்டுள்ளன. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்துப் பலமுறை வருவதை அங்கு காணலாம். அருகிலுள்ள படிக்கட்டின் வழியே பயணிகள் இன்றும் நிலையத்திற்குள் இறங்கிச் செல்கின்றனர்.