கேட்போர் என்னும் உறுப்பு: இடைசெவல் நண்பர்களும் நவீனத் தமிழ் உரைநடையும்

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளை எண்ணுகிறது. மாத்திரை, அசை, சீர், அடி என ஓசை சார்ந்தவற்றில் தொடங்கும் அந்தப் பட்டியலில், 'கூற்று' என்பதை அடுத்துக் 'கேட்போர்' என்று ஓர் உறுப்பு வருகிறது. சொல்பவருக்கு இணையாகக் கேட்பவரையும் செய்யுளின் உடலில் ஓர் அங்கமாக வைத்த இலக்கணம் இது. உரையாசிரியர்கள் இதனை அகப்பாட்டின் மாந்தரைக் கொண்டு விளக்கினர்: தலைவி சொல்லத் தோழி கேட்பாள், தலைவன் சொல்லப் பாங்கன் கேட்பான். இந்தக் கருத்தைப் பாட்டுக்குள் இருக்கும் மாந்தரிடமிருந்து எழுதுகிறவரின் வாழ்க்கைக்கு நீட்டிப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது. கலைஞர்களுக்கிடையிலான நட்பு படைப்பைத் தூண்டுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். எவ்வாறு தூண்டுகிறது என்று கேட்டால் 'ஊக்கம்', 'தாக்கம்' என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறோம். நண்பர் என்பவர் படைப்பின் கேட்போர், அதனாலேயே படைப்பின் வடிவத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்பது என் வாதம். அதற்குச் சான்றாகக் கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் ஆகிய இருவரின் நட்பை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஊர், இரண்டு வழிகள்

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள கரிசல் கிராமம் இடைசெவல். இருவரும் அந்த ஊரில் 1923 செப்டம்பரில் பிறந்தவர்கள். அழகிரிசாமி நகைத்தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை, கி.ரா. சம்சாரி வீட்டுப் பிள்ளை. அழகிரிசாமி பத்திரப் பதிவு அலுவலக வேலையை விட்டுவிட்டு 1940களில் சென்னைக்குப் போனார். பிரசண்ட விகடன், சக்தி என்று பத்திரிகைகளில் உழைத்தார். 1950களில் மலாயா சென்று தமிழ் நேசனில் பணியாற்றி, அங்கு எழுத விரும்பிய இளைஞர்களுக்கு வழிகாட்டினார். பிறகு சென்னை திரும்பி நவசக்தியில் சேர்ந்தார். 1970 ஜூலையில், 47 வயது நிறையும் முன்பே மறைந்தார். கி.ரா. ஊரிலேயே இருந்தார். விவசாயம், விவசாயிகள் இயக்கம், சிறு வயது முதலே நலிந்த உடம்பு, இவற்றுக்கிடையே சங்கீதப் பித்து. அழகிரிசாமி பெயர்பெற்ற சிறுகதையாளராகிப் பல ஆண்டுகள் கழிந்த பின், 1950களின் இறுதியில்தான் கி.ரா.வின் கதைகள் வாசகர் கவனத்துக்கு வந்தன. அப்போது அவருக்கு வயது 35ஐ ஒட்டியிருக்கும்.

இந்த இடைவெளி நம் ஆய்வுக்கு முக்கியமானது. அந்த ஆண்டுகளிலெல்லாம் கி.ரா. எழுத்தாளராக அறியப்படவில்லை, எழுத்தாளரின் நண்பராக இருந்தார். அழகிரிசாமி அவருக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டேயிருந்தார். பெற்றவர் அவற்றைப் போற்றிக் காத்தார். நண்பர் மறைந்த பின் அவற்றைத் தொகுத்து நூலாகவும் கொண்டுவந்தார்.

செவியில் பிறந்த நட்பு

இருவரையும் முதலில் பிணைத்தது இலக்கியத்தைவிடச் சங்கீதம் என்றே கொள்ளலாம். விளாத்திகுளம் சுவாமிகளின் ராக ஆலாபனை அந்த வட்டாரத்தின் பெருமை. கோவில்பட்டியில் வாழ்ந்த நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் இவர்களின் வட்டத்துக்கு நெருக்கமானவர். திருநெல்வேலியிலும் பின்னர்க் குற்றாலத்திலும் ரசிகமணி டி.கே.சி.யைச் சுற்றிக் கூடிய ரசிகர்கள், கம்பனைப் பாடிக் கேட்டு அனுபவித்தவர்கள். இந்த நண்பர்கள் இருவரும் அந்த ரசனை மரபைத் தொட்டு வளர்ந்தவர்கள். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தை அழகிரிசாமி பதிப்பித்ததும் இந்த ஈடுபாட்டின் தொடர்ச்சியே.

சங்கீத ரசிகர்களின் நட்புக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கச்சேரியில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ராகம் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொடும்போது ஒருவர் திரும்பி மற்றவரைப் பார்ப்பார். அவரும் அதே நேரத்தில் திரும்பியிருப்பார். இருவரும் ஒரே இடத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. இப்படிப் பல ஆண்டுகள் சேர்ந்து கேட்டுப் பழகிய ஒருவருக்கு எழுதும்போது விளக்கம் குறைகிறது. எது நயமான இடம் என்று சுட்ட வேண்டியதில்லை, அங்கே அவராகவே திரும்பிப் பார்ப்பார் என்ற நம்பிக்கை இருக்கிறது. அழகிரிசாமியின் கதைகளில் நாம் வியக்கும் அடக்கத்தை இந்த நம்பிக்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு கதைகள்

'ராஜா வந்திருக்கிறார்' கதையை அருகில் சென்று பார்க்கலாம். தீபாவளிக்கு முந்தைய இரவு. அடுத்த வேளைக்கே திண்டாடும் ஒரு வீட்டின் பிள்ளைகள். அந்த வீட்டை நாடி, உடுத்தத் துணியும் இல்லாமல் ஓர் அநாதைச் சிறுவன் வந்து சேர்கிறான். அவன் பெயர் ராஜா. தாய் அவனையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிறாள். மறுநாள், பணக்கார வீட்டுப் பையனின் வீட்டுக்கு ஒரு ராஜா விருந்தாளியாக வந்திருக்கிறார் என்ற பெருமைக்கு ஈடாக, இந்த வீட்டுச் சிறுமி தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சொல்கிறாள். ஆசிரியர் இங்கே ஒரு சொல்லும் கூட்டவில்லை. வறுமையைப் பற்றியோ ஈரத்தைப் பற்றியோ ஒரு பிரசங்கமும் இல்லை. குழந்தை ஒன்றைச் சொல்கிறது; அதைக் கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கதை முழுமையடைகிறது.

அடுத்தது கி.ரா.வின் 'கதவு'. குழந்தைகள் ஏறி ஆடி விளையாடும் ஒரு பழைய கதவைத் தீர்வை பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். கதவில்லாத வீட்டில் குளிர் புகுந்து, துயரமும் புகுகிறது. பின்னர் அந்தக் கதவு கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்த குழந்தைகள் ஓடிப்போய் அதைத் தழுவிக்கொள்கிறார்கள். இங்கும் களம் அதே கரிசல் மண். பிள்ளைகளும் வறுமையும் உண்டு, விளக்க மறுக்கும் முடிவும் உண்டு. ஒன்று மற்றொன்றின் நகல் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே செவிப்பயிற்சி பெற்ற இருவர், ஒரே ராகத்தைத் தத்தம் குரலில் பாடியிருக்கிறார்கள்.

'தாக்கம்' என்ற சொல் போதாது என்று நான் கருதுவது இதனால்தான். தாக்கம் என்றால் மூத்தவரின் சாயல் இளையவரிடம் படிய வேண்டும். இங்கோ காலம் செல்லச் செல்ல இருவரின் நடையும் விலகுகின்றன. அழகிரிசாமியின் கதைசொல்லி பின்னால் மறைந்து நிற்பவர். கி.ரா.வின் 'கோபல்ல கிராம'த்தின் (1976) கதைசொல்லியோ திண்ணையில் உட்கார்ந்து நம்மை எதிரே இருத்திக்கொண்டு பேசுபவர். நட்பு இருவரையும் ஒரே அச்சில் வார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தம் குரலில் துணிந்து பேசுவதற்கு ஒரு செவியைத் தந்தது.

கடிதம் உரைநடையானது

கி.ரா.வின் நடைக்கு மூலம் வாய்மொழி மரபு என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். அது சரியே. ஆனால் வாய்மொழி தானாகத் தாளுக்கு வந்துவிடாது, இடையில் ஒரு வடிவம் வேண்டும். அந்த வடிவம் கடிதம் என்பது என் துணிபு. கடிதம் எழுதப்படுவது, ஆயினும் பேச்சைப் போலவே எதிரில் ஒருவரை வைத்துக்கொண்டு நிகழ்வது. பேச்சு வழக்கை வெட்கமில்லாமல் எழுத்தில் வைக்க அன்றைய தமிழில் இடம்கொடுத்த வடிவம் நண்பருக்கு எழுதும் கடிதம்தான். பின்னாளில் கி.ரா. எழுதிய கட்டுரைத் தொடருக்குக் 'கரிசல் காட்டுக் கடுதாசி' என்று பெயர் வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நண்பருக்கு எழுதிப் பழகிய கை, அவர் மறைந்த பின் வாசகர் அனைவரையும் பெறுபவராக்கிக்கொண்டது.

காலவரிசையும் இதற்கு இசைவாக இருக்கிறது. நண்பர் மறைந்தது 1970. அதன் பின்னரே 'கோபல்ல கிராமம்', 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'கோபல்லபுரத்து மக்கள்' என்று பெரும் பணிகள் வரிசையாக வந்தன. ஒரு மரணத்தையே இவற்றுக்குக் காரணமாக்குவது பிழை. வயது, அனுபவம், இதழ்ச் சூழல் எல்லாம் உண்டு. ஆனாலும் ஊரின் சொற்களை இருவரும் தமக்குள் பகிர்ந்துகொண்ட காலம் முடிந்து, அவற்றை எல்லோருக்குமாகச் சேர்த்துவைக்கும் காலம் தொடங்கியது அப்போதுதான்.

எதிர்வாதங்கள்

இரண்டு மறுப்புகளை எதிர்கொள்ள வேண்டும். முதலாவது, படைப்பு தனிமையில் பிறப்பது என்பது. எழுதும் நேரம் தனிமைதான். ஆனால் தனிமையில் எழுதுகிறவரும் யாரோ ஒருவர் கேட்பதை மனத்தில் கொண்டே எழுதுகிறார். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் புலவர்கள். நேரில் காணாமலே நண்பர்களாக இருந்தார்கள். நண்பன் தன் பெயரைச் சொல்லும்போது என் பெயரையே சொல்வான் என்று வடக்கிருந்த சோழன் சொன்னதைப் புறநானூறு பதிந்துவைத்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டுக் கும்பகோணத்திலும் இது நிகழ்ந்தது. கு.ப.ரா.வின் புனைபெயர்களில் ஒன்று கரிச்சான். அவர்மேல் கொண்ட பற்றால் ஆர். நாராயணசாமி 'கரிச்சான் குஞ்சு' ஆனார். தனிமையிலும் துணையாக ஒரு பெயர் இருக்க முடியும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது: நண்பர்கள் குழுவாகி ஒருவரையொருவர் புகழ்ந்து கெடுப்பார்கள் என்பது. தமிழ் இலக்கியச் சூழலில் இதற்குச் சான்றுகள் குறைவில்லை. ஆனால் புகழ்பவர் வேறு, கேட்பவர் வேறு. தாளம் தவறிய இடத்தில் நல்ல ரசிகரின் தலை அசையாது நின்றுவிடும். அந்த அசையாமைக்கு அஞ்சி எழுதுவதே நட்பு தரும் ஒழுக்கம். அந்த ஒழுக்கம் இல்லாத இடத்தில் இருப்பது குழு. அதை நட்பு என்று சொல்வதற்கில்லை.

முடிவும் ஒரு வேண்டுகோளும்

நட்பின் பணி மரணத்தோடு முடிவதில்லை. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். மூன்றே ஆண்டுகளில் நண்பர் ரகுநாதன் அவர் வரலாற்றை எழுதினார். அழகிரிசாமியின் கடிதங்களைக் கி.ரா. காத்துக் கொடுத்தார். கேட்டவர்களே காப்பவர்களாகவும் ஆனார்கள். அக்கடிதங்கள் போயிருந்தால் மேலே சொன்ன வாதம் எதையும் எழுப்ப எனக்கு ஆதாரம் இருந்திராது.

எனவே ஆய்வாளர்களிடமும் எழுத்தாளர் குடும்பத்தினரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கதைகளையும் கவிதைகளையும் தேடித் தொகுக்கும் அதே அக்கறையோடு, நண்பர்களுக்குச் சென்ற கடிதங்களையும் தேடுங்கள். எழுதியவர் வீட்டில் மட்டும் தேடினால் கிடைக்காது. கடிதம் இருப்பது பெற்றவர் வீட்டில். பரணில் கிடக்கும் பெட்டியைப் பழைய காகிதக் கடைக்குக் கொடுப்பதற்கு முன், தயவுசெய்து ஒருமுறை திறந்து பாருங்கள்.