சாத்தூர் நிப்பும் நம்ம கையெழுத்தும்

சாத்தூர்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது காரச்சேவு. அடுத்தது வெள்ளரிக்காய். மூணாவதா ஒண்ணு இருக்கு, நம்ம செட்டுல பாதிப்பேருக்குத் தெரியாது. பேனா நிப்பு! சிவகாசிக்குப் பட்டாசு, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா மாதிரி ஒரு காலத்துல சாத்தூருக்கு நிப்பு. சின்னச் சின்னப் பட்டறைகள்ல கைப்பிரஸ் வச்சு அடிச்ச நிப்புகள் வெளியூருக்கெல்லாம் போச்சு. அப்புறம் பால் பாயிண்ட் பேனா வந்துச்சு, தொழில் படுத்துருச்சு.

நான் எழுத உட்கார்ந்தது தொழில் வரலாறு இல்லை. கையெழுத்து பத்தி. "இந்தக் காலத்துப் புள்ளைங்க எழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கு"ன்னு பெரியவங்க சலிச்சுக்கும்போது பழி ஒண்ணு புள்ளைங்க மேல விழும், இல்லைன்னா செல்போன் மேல விழும். எனக்கென்னவோ கேஸை அவ்வளவு சீக்கிரம் முடிச்சிரக் கூடாதுன்னு தோணுது. எழுதுற கருவி மாறும்போதெல்லாம் அதைப் பிடிக்கிற விதமும் மாறியிருக்கு. கடைசியா மாறினப்போ மட்டும், பிடியைப் பத்தி யாரும் வாயே திறக்கலை. கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்தா இது புரியும்.

ஓலையிலிருந்து ஆரம்பிக்கலாம். ஓலையில மை தொட்டு எழுதுறது நம்ம ஊர் வழக்கம் கிடையாது. எழுத்தாணியால கீறணும். அப்புறம் கரி மாதிரி எதையாவது தடவித் துடைச்சா கீறல்ல மட்டும் நிறம் தங்கி எழுத்து தெரியும். கீறுறதுக்கு அழுத்தம் வேணும்ல? அதனால எழுத்தாணியை விரல் நுனியில நளினமா பிடிச்சா வேலைக்காகாது, உள்ளங்கையோட சேர்த்துக் கெட்டியா பிடிக்கணும். ஓலை இடதுகையில இருக்கும், மேஜை எல்லாம் கிடையாது. இடது கட்டைவிரல்தான் எழுத்தாணி முனைக்கு முட்டுக் கொடுக்கும். முனை வழுக்காம இருக்க அந்த நகத்துல சின்னதா ஒரு பள்ளம் வெட்டிக்கிட்டவங்களும் இருந்தாங்க. வலதுகை அதிகம் நகராது, ஓலைதான் நகரும். சுருக்கமா சொன்னா, அந்தக் காலத்துல எழுதினது ரெண்டு கையும் சேர்ந்து.

உ.வே.சாமிநாதையர் (1855–1942) 'என் சரித்திரம்' நூல்ல எழுத்தாணி வகைகளையே பட்டியல் போடுறார். மடக்கெழுத்தாணி, வாரெழுத்தாணி, குண்டெழுத்தாணி. மடக்கெழுத்தாணியில ஒரு மடக்குக் கத்தி சேர்ந்திருக்கும். குண்டெழுத்தாணிக்குக் கொண்டை உருண்டையா, கனமா இருக்கும். நாம ஜெல், பால், இங்க்னு பிரிக்கிற மாதிரிதான் போல.

"நேர்கோடு போட்டா ஓலை கிழிஞ்சிரும், அதனாலதான் தமிழ் எழுத்து வட்டமாச்சு"ன்னு நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. ஒடியா எழுத்தைப் பார்த்தா நம்பத் தோணும். ஆனா நம்ம ட, ப, ம எல்லாம் என்னவாம்? ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி நேர்கோடுதானே! பாதி உண்மைன்னு வச்சுக்கலாம். ஓலையோட கைவரிசை சந்தேகமே இல்லாம தெரியுற இடம் புள்ளி. அழுத்திக் குத்தினா ஓட்டை விழுந்துரும்னு ஏடு எழுதினவங்க பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்கலை. எ–ஏ, ஒ–ஓ வித்தியாசமும் காட்டலை. இடம் பார்த்து நாமளா புரிஞ்சுக்கணும். நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தது 18-ஆம் நூற்றாண்டுல வீரமாமுனிவர். புள்ளி நிரந்தரமா வந்து உட்கார்ந்தது காகிதமும் அச்சும் பரவின பிறகுதான்.

ஓலை கைக்கு வர்றதுக்கு முன்னாடி மணல். திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணலைப் பரப்பி விரலால எழுதிப் பழகுவாங்க. ஒவ்வொரு எழுத்தும் எங்க ஆரம்பிச்சு எப்படித் திரும்பி எங்க முடியுதுங்கிறது முதல்ல விரலுக்குத் தெரிஞ்சிரும், கருவி அப்புறம்தான். இது ஏதோ பட்டிக்காட்டுப் பழக்கம்னு நினைக்க வேண்டாம். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூர்ல ராணுவ அநாதைப் பிள்ளைகள் பள்ளியைக் கவனிச்ச ஆண்ட்ரூ பெல்ங்கிற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மணல்ல எழுதுறதைப் பார்த்துட்டு அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்குற முறையையும் சேர்த்து 1797-ல லண்டன்ல புத்தகமா போட்டார். அது 'மெட்ராஸ் முறை'ன்னு இங்கிலாந்து முழுக்கப் பரவிச்சு. அங்கேயும் ஏழைப் பிள்ளைங்க மணல் தட்டுல ஏ, பி, சி எழுதினாங்க. நம்ம மணல் கப்பலேறிப் போயிருக்கு பாருங்க!

விருதுநகர்க்காரர் காமராஜர் (1903–1975) கூட முதல்ல போனது திண்ணைப் பள்ளிக்கூடம்தான். அப்புறம் சேர்ந்தது க்ஷத்ரிய வித்யாசாலா. ஊர் நாடார்கள் மகமைப் பணத்துலயும், வீட்டுக்கு வீடு எடுத்துவச்ச பிடி அரிசியிலயும் 1889-ல தொடங்கி நடத்தின பள்ளி அது. பனையேறிக் குடும்பங்கள்லருந்து வந்த ஒரு சமூகம் ஓலையை விட்டுட்டுக் காகிதத்தைப் பிடிச்ச காலம்னு அதைச் சொல்லலாம்.

காகிதத்துல பேனாவால தமிழ் எழுதுறது அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினது கணக்கு நோட்டுல. ஆனா அன்னிக்கு இறகையும் நாணலையும் அடிக்கடி சீவிக்கிட்டே இருக்கணும். எழுதுறதை விடச் சீவுற நேரம் ஜாஸ்தி. இதை மாத்தினது இரும்பு நிப்பு.

19-ஆம் நூற்றாண்டுல உலகத்துக்கே நிப்பு அடிச்ச ஊர் இங்கிலாந்துல இருக்கிற பர்மிங்காம். ஜோசப் கில்லட், ஜோசையா மேசன் எல்லாம் அங்க பெரிய தலைகள். கையால இழுக்குற பிரஸ்ல உட்கார்ந்து வேலை செஞ்சதுல பெரும்பாலானவங்க பெண்கள். தகட்டை நிப்பு வடிவத்துக்கு வெட்டணும், ஓட்டை போடணும், பேர் பொறிக்கணும், பள்ளமா வளைக்கணும், சூடு ஏத்தி இறக்கணும், நுனியைத் தீட்டணும், கடைசியா நடுவுல பிளவு போடணும். சும்மா ஒரு இத்துனூண்டு தகடுதான், ஆனா இத்தனை கை மாறும். சாத்தூர்ல நடந்ததும் அடிப்படையில இதேதான். பர்மிங்காம்ல பெரிய ஆலை, இங்க சின்னப் பட்டறை.

அந்தப் பிளவுலதான் விஷயமே இருக்கு. மை கீழ இறங்குறது நாம அழுத்துறதால இல்லை. பிளவு வழியா மை தானா நுனி வரைக்கும் வந்து நிக்கும், காகிதம் தொட்டதும் உறிஞ்சிக்கும். மைப்பேனாவைச் சாய்ச்சு, தொட்டும் தொடாம இழுத்தா போதும். அழுத்தினா நிப்பு விரிஞ்சு போயிரும். அப்புறம் பிளேடை விட்டு நோண்டுறது, தரையில தேய்க்கிறதுன்னு வைத்தியம் பார்க்கணும். கெட்டியா பிடிக்காதேன்னு வாத்தியார் சொல்லித்தர வேண்டியதே இல்லை, நிப்பே சொல்லித்தந்துரும். எழுத எழுத நுனி ஒருத்தர் கைச்சாய்வுக்கு ஏத்தபடி தேயும். "என் பேனாவை யாருக்கும் தர மாட்டேன்"னு அந்தக் காலத்து ஆளுங்க முறுக்கிக்கிட்டது கஞ்சத்தனம் மட்டும் இல்லை!

எழுத நோட்டு? அதுக்கு சிவகாசி இருக்கு. 1920-கள்ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும்னு அச்சகம் வளர்ந்துச்சு. அச்சகம் வளர்ந்து காலண்டர், டைரி, பள்ளிக்கூட நோட்டுன்னு விரிஞ்சது. ஒரு பக்கம் நிப்பு, இன்னொரு பக்கம் இரட்டைக்கோடு நோட்டு. இருபதே கிலோமீட்டர் சுத்துவட்டாரத்துல கையெழுத்துக்குத் தேவையான முக்கால்வாசி தயாராச்சு.

ஆனா அதே வட்டாரத்துல பேனாவையே தொடாத விரல்களும் இருந்துச்சு. இதைச் சொல்லாம தாண்டிப் போக எனக்கு மனசு வரலை. தீக்குச்சியை எடுத்துச் சட்டத்துல அடுக்குறதுக்கு வேண்டியது கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல். பேனா பிடிக்கிற அதே மூணு விரல். சின்ன விரலா இருந்தா வேகமா அடுக்கும்னு பிள்ளைகளை வேலைக்கு எடுத்தாங்க. விடியறதுக்கு முன்னாடியே ஊர் ஊரா வந்து பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போன கம்பெனி பஸ்ஸைப் பத்திப் பெரியவங்க இன்னிக்கும் சொல்வாங்க. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்குல 1996 டிசம்பர் 10-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிச்சு. ஆபத்தான தொழில்ல பிள்ளையை வேலைக்கு வச்ச முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்டணும், அதைப் பிள்ளைகள் நலநிதியில போடணும்னு. அதுக்கு முன்னாடி வளர்ந்த எத்தனையோ பேர் பேங்க்ல இன்னிக்கும் கட்டைவிரலைத்தான் நீட்டுறாங்க. 'கைநாட்டு'ன்னு நாம கிண்டலா சொல்ற வார்த்தைக்குப் பின்னாடி ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருக்கலாம்.

சரி, நிப்பு கதைக்கு வருவோம். லாஸ்லோ பிரோ 1938-ல பால் பாயிண்ட் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். 1945-ல நியூயார்க் கடையில அது வித்தப்போ விலை 12.50 டாலர், கூட்டம் அலைமோதிச்சு. நம்ம ஊர்ல 1980-கள் முடியுறதுக்குள்ள வெள்ளை உடம்பு நீல மூடி ரெனால்ட்ஸ் சட்டைப்பைக்கு வந்துருச்சு. கசியாது, ஃபில்லர் வேண்டாம், விரல்ல மை ஒட்டாது. யார்தான் வேண்டாம்பாங்க? சில பள்ளிக்கூடங்கள் மட்டும் 'மைப்பேனாதான்'னு கொஞ்ச காலம் முரண்டு பிடிச்சாங்க.

பால் பாயிண்ட் மை கெட்டியான எண்ணெய் மை. குண்டு உருண்டாத்தான் மை வரும், உருளணும்னா கொஞ்சம் அழுத்தணும், பேனாவையும் நிமிர்த்திப் பிடிக்கணும். யோசிச்சுப் பாருங்க, எழுத்தாணிக்குத் தேவைப்பட்ட அதே அழுத்தம் திரும்பி வந்துருச்சு! ஆனா எழுத்தாணிக்காரருக்கு உள்ளங்கை முழுக்கத் துணை இருந்துச்சு, இடது கட்டைவிரல் முட்டுக் கொடுத்துச்சு. நாம எழுத்தாணி அழுத்தத்தை மைப்பேனாவுக்கான மூணு விரல்ல ஏத்திட்டோம். மூணு மணி நேரப் பரீட்சையில நடுவிரல்ல காய்ப்பு, கட்டைவிரல்ல வலி, கடைசிப் பக்கத்துல கோழிக் கிறுக்கல். காரணம் இதுதான்னு நினைக்கிறேன்.

நடுவுல எழுத்தே வேற மாறிச்சு. பெரியார் 1935-லருந்து 'குடி அரசு'ல பயன்படுத்தின சீர்திருத்த எழுத்தை 1978-ல எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கிச்சு. அச்சுக்கும் தட்டச்சுக்கும் பெரிய வசதி. ஆனா கைக்கு? தும்பிக்கை போட்ட பழைய 'லை' பேனாவை எடுக்காம ஒரே இழுப்புல வந்துரும். புது 'லை'க்கு ரெண்டு தடவை பேனாவை வைக்கணும். வயசானவங்க கடுதாசியில இன்னிக்கும் தும்பிக்கை தெரிஞ்சா அது பிடிவாதம்னு நினைக்காதீங்க, கைப்பழக்கம்.

பிடிக்கு வருவோம். வாத்தியார்கள் சொல்ற 'சரியான பிடி' ஒண்ணே ஒண்ணுதான்னு இல்லை. 2012-ல வெளியான டொராண்டோ ஆய்வு ஒண்ணுல 120 நாலாம் வகுப்புப் பிள்ளைகளை எழுதவிட்டுப் பார்த்தாங்க. வழக்கமா காணப்படுற நாலு வகைப் பிடியில எதைப் பிடிச்சாலும் வேகத்துலயோ தெளிவுலயோ சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. ஸ்கேலால முட்டியில அடி வாங்கினவங்க இதைக் கட்டம் கட்டி வச்சுக்கலாம். எந்த விரல் எங்க இருக்குங்கிறதை விட எவ்வளவு இறுக்கம்ங்கிறதுதான் முக்கியம்னு எனக்குப் படுது. எழுதிக்கிட்டு இருக்கும்போது இடதுகையால பேனாவை மேல்பக்கம் பிடிச்சு இழுத்துப் பாருங்க. லேசா வந்துட்டா சரி. வரலைன்னா எழுத்தாணியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க.

கீபோர்டுலயே குடித்தனம் நடத்துற நம்ம மக்கள் மறுபடி எழுதிப் பழகணும்னா, கடையில விலை குறைஞ்ச மைப்பேனா ஒண்ணும் இரட்டைக்கோடு நோட்டு ஒண்ணும் போதும். மணிக்கட்டை மட்டும் ஆட்டாம முழங்கை வரைக்கும் கையை மேஜையில வச்சுக்கோங்க. நோட்டைக் கொஞ்சம் சாய்ச்சுக்கோங்க. ஒரு வாரம் ழ, ஞ, இ மூணு மட்டும். கோட்டுக்குக் கீழ இறங்குறது, சுத்தித் திரும்புறது, மடிஞ்சு வர்றது எல்லாம் இந்த மூணுலயே இருக்கு. நோட்டு வாங்கும்போது பின்னட்டையில ஊர் பேரைப் பாருங்க, அனேகமா சிவகாசியா இருக்கும். பேனாவைத் திறந்து நிப்பையும் பாருங்க, அதுல ஊர் பேர் இருக்காது.