பாட்டில் நூலும் பனியன் நூலும்

2023 பிப்ரவரி 8 அன்று பிரதமர் மோடி வெளிர்நீலத்தில் ஒரு கையில்லா மேலங்கி அணிந்து நாடாளுமன்றத்துக்கு வந்தார். காலி பெட் பாட்டிலை உருக்கி இழுத்த நூலில் நெய்த துணி அது. இரண்டு நாள் முன்பு பெங்களூரில் இந்தியன் ஆயில் நிறுவனம் அவருக்குக் கொடுத்தது. துணி போனது நம் திண்டுக்கல்லுக்குப் பக்கத்து ஊரான கரூரிலிருந்து, ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் என்ற நிறுவனத்திடமிருந்து. இதே வகைத் துணியில் தைக்கும் இந்தியன் ஆயில் ஊழியர் சீருடை ஒன்றுக்கு 28 பாட்டில் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து அந்தக் கரூருக்குப் போகும் சாலையில்தான் வேடசந்தூர் இருக்கிறது. வட்டாரம் முழுக்க நூற்பாலைகள். அங்கே மிஞ்சும் கழிவுப் பஞ்சு கோவை, திருப்பூர் பக்கத்து ஓபன் எண்ட் மில்களுக்குப் போகிறது. திருப்பூரில் கத்தரித்து விழும் பனியன் துண்டுகளும் அங்கேதான் வந்து சேர்கின்றன. அதிலிருந்து பல ஆண்டுகளாக ஒரு மறுசுழற்சி நூல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அணிந்து யாரும் நாடாளுமன்றம் போனதில்லை. நாம் அதில் கால் துடைக்கிறோம்.

இரண்டில் எது உசத்தி என்று கேட்டால், முதலில் வீட்டு வாசலில் நடப்பதைப் பார்க்க வேண்டும். பாட்டிலுக்கு அங்கே விலை உண்டு. திண்டுக்கல்லில் நாகல் நகரோ பேகம்பூரோ, எந்தக் காயலான் கடையானாலும் பெட் பாட்டில் தனி மூட்டை. நிறமில்லாத பாட்டில் ஒரு பக்கம், பச்சை இன்னொரு பக்கம். பச்சைக்கு விலை குறைவு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 20 கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். கிலோ தேற ஐம்பது பாட்டில் வேண்டும். அதனால் வீட்டில் சேர்ப்பவர்களைவிடக் கல்யாண மண்டபத்திலும் பேருந்து நிலையத்திலும் பொறுக்குபவர்களை நம்பித்தான் இந்தத் தொழில் ஓடுகிறது. மாநகராட்சி வண்டியில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துப் போடச் சொன்னது 2016ஆம் ஆண்டின் விதி. பாட்டிலைப் பொறுத்தவரை அந்த விதிக்கு வெகுகாலம் முன்பே, 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவி வந்த காலத்திலேயே, வழி போட்டாயிற்று.

துணிக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர்கள் தெருவுக்கு வருவது அபூர்வமாகிவிட்டது. வந்தாலும் பேண்ட், சட்டை, ஜரிகைச் சேலைதான் கேட்பார்கள். கிழிந்த பனியனை எடுத்துப்போனால் காயலான் கடைக்காரர் தராசுப் பக்கமே திரும்ப மாட்டார். ஆக, பனியன் நூல் என்று நான் சொல்வதில் நம் வீட்டுப் பனியன் கிடையாது. எல்லாம் தொழிற்சாலை வெட்டுத்துண்டு. இந்த ஒரு விஷயத்தில் பாட்டில் கட்சிக்குத்தான் வெற்றி: வீட்டில் பயன்படுத்தி முடித்த பொருளே திரும்பப் போகிறது.

இனி ஆலைக்குள் போவோம். பாட்டிலை நொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மூடித் துண்டுகள் மிதக்கும், பாட்டில் துண்டுகள் மூழ்கும். பிரிப்பதற்கு இதைவிட எளிய வித்தை இல்லை. பிறகு காஸ்டிக் கலந்த வெந்நீரில் கழுவி, 260 டிகிரி அளவில் உருக்கி, சல்லடைத் துளை வழியாக இழையாக இழுக்கிறார்கள். உருக்கும்போதே நிறத்தையும் சேர்த்துவிடலாம். சாயப்பட்டறைக்குப் போகத் தேவையில்லை.

பனியன் துண்டின் கதை வேறு. முதல் வேலை நிறம் பிரிப்பது. சிவப்பு தனி, நீலம் தனி என்று குவித்து, பற்கள் வைத்த எந்திரத்தில் கிழித்துப் பஞ்சாக்குகிறார்கள். கிழிபட்ட இழை குட்டையாகிவிடும். வழக்கமான ரிங் கதிரில் அது நிற்காது. 1967இல் செக்கோஸ்லோவாக்கியாவில் விற்பனைக்கு வந்த ரோட்டார் எந்திரத்தின் வழிவந்தவைதான் ஓபன் எண்ட் மில்கள். குட்டை இழையையும் சுழற்றி நூலாக்கிவிடும். வேடசந்தூர் பக்கத்து ஆலைகளில் சீவும்போது ஒதுங்கும் கோம்பர் கழிவுப் பஞ்சும் இதில்தான் கலக்கிறது. நிறம் துணியோடு வந்த நிறம். சாயமே ஏற்றாமல் கலர் நூல்.

இங்கேதான் எனக்குப் பனியன் நூல் மேல் மதிப்பு. நொய்யல் ஆறு நாசமாகி, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய கிணறுகளைத் திண்டுக்கல்லும் பார்த்திருக்கிறது. ஏற்கெனவே சாயம் ஏறிய துணியை மறுபடி சாயத்தில் முக்காமல் நூலாக்குவது இந்த மண்ணுக்குச் சின்ன உபகாரம் இல்லை.

பாட்டில் நூல் மேல் எனக்குள்ள மனக்குறை வேறு மாதிரி. பாட்டிலை மறுபடி பாட்டிலாகவே ஆக்கலாம். 2025-26 முதல் கெட்டிப் பிளாஸ்டிக் உறைகளில் 30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும், 2028-29க்குள் அது 60 சதவீதமாக வேண்டும் என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. சட்டையாகிவிட்ட பாட்டில் அந்தச் சுற்றுக்குத் திரும்பாது. துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழை உதிர்ந்து சாக்கடைக்குப் போகும். சித்திரை வெயிலில் அதை உடுத்துவதன் சுகத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பனியன் நூலும் சுத்த சுயம்பிரகாசம் அல்ல. கடையில் ஒரு கால்மிதியைப் புரட்டி ஒரு இழையை உருவிப் பாருங்கள். நீல நூலில் மஞ்சளும் சிவப்புமாகத் துணுக்குகள் தெரியும்; இழுத்தால் பொட்டென்று அறும். அந்தப் பலவீனத்தை மறைக்கத்தான் பல மில்கள் இதில் பாலியஸ்டர் கலக்கின்றன, பெரும்பாலும் பாட்டிலிலிருந்து வந்த பாலியஸ்டரையே. இரண்டு நூலும் இப்படி ஒன்றில் முடிகின்றன. பருத்தியும் பாலியஸ்டரும் பின்னிக்கொண்ட பிறகு அவற்றைப் பிரிப்பது பெரும்பாடு. அடுத்த சுற்று கிடையாது. நம்மூர் முருகபவனம் குப்பைக் கிடங்குதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். 'மறுசுழற்சி' என்று அச்சடித்த சட்டை கேட்கும் விலைக்கு, அதில் ஜி.ஆர்.எஸ். என்ற மறுசுழற்சித் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முத்திரையைத் துணியில் போடக் குறைந்தது 50 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருந்தாக வேண்டும். கால்மிதி, மாப், முரட்டுப் போர்வைக்கு முத்திரையெல்லாம் வராது. நூலின் துணுக்கு நிறமே சான்று. ஒரு நுனியைக் கொளுத்திப் பாருங்கள்: காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, உருகிக் கட்டியானால் பாலியஸ்டர் கலப்பு.

என் தீர்ப்பு: விற்பதற்குப் பாட்டில், வாங்குவதற்குப் பருத்திக் கால்மிதி. மாநகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். 2023 மே மாதம் நாடு முழுக்க நகர உள்ளாட்சிகள் பழைய துணி, புத்தகம், பொம்மை வாங்கிக்கொள்ளும் மையங்களைத் திறந்தன. துணிக்கு மட்டுமாவது அப்படியொன்றை வார்டுக்கு ஒன்று வீதம் வருடம் முழுக்க நடத்தி, மில்காரர்களோடு பேசி முடியுங்கள். பஞ்சு விலை ஏறும்போதெல்லாம் கழிவுப் பஞ்சு கிடைக்கவில்லை என்று ஓபன் எண்ட் மில்காரர்கள் முறையிடுகிறார்கள். நம் வீட்டு அலமாரிகளிலோ பழைய துணி குவிந்து கிடக்கிறது.